ருசி பார்த்தேன் என்று போட்ட கையெழுத்து

என் பெயர் காகிதங்களில் நீளமாக இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் நான் கடைசி. வயது இருபத்து மூன்று. இப்போது இருப்பது கேன்டீனின் பின்பக்கம், உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கிய அறையில், கவிழ்த்துப் போட்ட ஒரு வாளியின் மேல். மணி மூன்றரை. பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துப் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. வீட்டில் பேசுவதுபோலப் பேசினால் அதற்குப் புரியவில்லை, கண்டதையும் எழுதுகிறது. அதனால் சபையில் வேதபாடம் வாசிக்கிற குரலில் பேசிக்கொண்டிருக்கிறேன். அண்ணன் சிரிக்க வேண்டாம்.

அப்பா, அக்கா, அண்ணன், மூன்று பேருக்கும் இது. அம்மா என்னைச் சொல்லச் சொன்ன விஷயம் ஒன்று இருக்கிறது. தனக்கு வாய் வராது என்றாள். எனக்கும் வராது, அதனால்தான் கூப்பிட்டுப் பேசாமல் இப்படி. நேராக விஷயத்துக்குப் போனால் அப்பா பாதியிலேயே போனைக் கீழே வைத்துவிடுவார். நடந்த வரிசையில் சொல்கிறேன்.

என் வேலை எங்கே என்று அக்கா நாலு தடவை கேட்டாள். இது ஒரு பெரிய சலவைத் தொழிற்சாலை. ஆஸ்பத்திரிகளின் விரிப்பும் ஓட்டல்களின் துண்டும் லாரி லாரியாக வந்து, வெளுத்து, மடித்துப் போகும். இங்கே வேலை செய்கிற இருநூற்றுப் பத்து பேருக்கு மதியச் சாப்பாடு எங்கள் கேன்டீனில். மாஸ்டர்தான் எங்களுக்குத் தலை. காய் நறுக்குகிறவனை எல்லோரும் கட்டை என்று கூப்பிடுகிறார்கள். ஆள் குள்ளம், நாக்கு நீளம். நான் பருப்பு, சூப், கஞ்சி. மூன்று அண்டா என் பொறுப்பு.

மூன்று மாதம் என்னைச் சோதித்துப் பார்ப்பார்கள். அது முடிகிறபோது மாஸ்டர் இவன் வேண்டும் என்று ஆபீசுக்கு எழுதிக் கொடுத்தால் இருக்கலாம். எழுதாவிட்டால் பதினைந்து நாளில் பெட்டியைக் கட்ட வேண்டும். அண்ணனுக்கு இது தெரியும், அப்பாவிடம் சொல்லாமல் வைத்திருந்தோம். அந்த மூன்று மாதம் இந்த வாரம் முடிகிறது.

நம் வீட்டுப் பழக்கத்தை உங்களுக்கே சொல்வது வேடிக்கைதான். ஆனாலும் இதில்தான் எல்லாம் இருக்கிறது. எல்லோரும் உட்கார்ந்து, அப்பா நன்றி சொல்லி, ஆமென் ஆனபிறகுதான் ஒரு பருக்கை வாய்க்குள் போகும். அடுப்படியில்கூட அம்மா உப்புப் பார்க்க மாட்டாள். மற்ற வீடுகளில் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பார்களே, அது நம் வீட்டில் கிடையாது. அப்படியும் உப்பு தப்பாது. வருகிறவர்களிடமெல்லாம் அப்பா சொல்வார்: "நாக்குல வைக்காமலே போடுறா. அது கர்த்தர் குடுத்த கை." சொல்லிவிட்டு ஜெபத்தை ஆரம்பித்தால், உலகம் உண்டானதில் தொடங்கி, படுத்திருக்கிற சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய், பக்கத்து வீட்டுக்காரரின் கோர்ட்டுக் கேஸ் வரை வந்து நிற்கும். சோறு ஆறும். அண்ணன் ஒற்றைக் கண்ணைத் திறந்து பெரிய முட்டை எந்தத் தட்டில் என்று பார்ப்பான். அக்கா கண்ணை மூடிக்கொண்டே அவனைக் கிள்ளுவாள்.

நான் சமையல் கற்றது அம்மாவின் பக்கத்தில் நின்று. அவளுக்கு எல்லாமே அளவு. இத்தனை பருப்புக்கு இத்தனை தண்ணீர், இத்தனை உப்பு. கொதியில் குமிழி சின்னதாக இருந்தால் விடு, பெரிதானால் இறக்கு. நடுவில் என்னைக் கேட்பாள், "வாசம் வந்துடுச்சாடா?" என்று. வந்துவிட்டது என்று நான் சொன்னால்தான் அடுப்பைத் தணிப்பாள். எனக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும் என்று கேட்கிறாள் என்றே நினைத்திருந்தேன்.

இங்கே சுவரில் ஓர் அட்டை தொங்கும். எந்த அண்டாவானாலும் சமைத்தவன் ருசி பார்த்து, நேரம் போட்டு, கையெழுத்துப் போட்டபிறகுதான் வெளியே போகும். முதல் நாள் கரண்டியைத் தூக்கினேன். அப்பா எங்கேயோ கண்ணை மூடி உட்கார்ந்திருப்பது போலவும் நான் மட்டும் திருடித் தின்பது போலவும் இருந்தது. கரண்டியை உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஊதி, தலையை ஆட்டி, சிங்க்கில் ஊற்றிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். மறுநாளும் அப்படியே. அம்மாவின் அளவு என்னைக் காப்பாற்றியது.

"உன் உப்பு மட்டும் தராசுல நிறுத்த மாதிரி விழுதே, என்னடா மந்திரம் வச்சிருக்க?" என்பான் கட்டை.

"எங்க அம்மா கை," என்பேன்.

"கைய எப்படா பார்சல்ல அனுப்புனாங்க?"

சாப்பிடுகிற நேரத்தில் அவனவன் தட்டை எடுத்துக்கொண்டு ஒரு மூலைக்குப் போய்விடுவான். நான் இந்த அறைக்கு வருவேன். ஜெபம் பண்ணுவேன், ஆமென்னும் நானே சொல்லிக்கொள்வேன். தங்கியிருக்கும் அறையிலும் அப்படித்தான். நாலு பேர், நாலு ஷிப்ட். மற்ற மூன்று பேரை அவர்களுடைய செருப்பை வைத்துத்தான் எனக்குத் தெரியும். இதையெல்லாம் போனில் கேட்டபோது, "ஜாலியா இருக்கோம்" என்று சொன்னேன். மன்னிக்கவும்.

புதன்கிழமை புது உப்பு மூட்டை வந்தது. அதுவரை கல் உப்பு. இது மாவு மாதிரி தூள். சீக்கிரம் கரையும், நல்லதுதான் என்று நினைத்தேன். எப்போதும் அளக்கிற அதே தகர டப்பா. பருப்பு சூப்புக்கு ஒன்பது டப்பா, தலை தட்டி. பதினொன்று இருபதுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு முதல் கூட்டம் உட்கார்ந்தது. துவைக்கிற இயந்திரத்தில் நிற்கும் பெரியவர் ஒருவர் பரிமாறும் ஜன்னலுக்கு வந்து, மெதுவாக, "தம்பி, இந்த உப்புக்குக் கொஞ்சம் பருப்பு போடுங்க," என்றார். நான் புரியாமல் சிரித்தேன். அப்புறம் பார்த்தால் சாப்பாட்டு வரிசையைவிடத் தண்ணீர்க் குழாயின் வரிசை நீளமாக இருந்தது. இஸ்திரி போடுகிற அக்கா தட்டை என் முன்னால் வைத்து, "எனக்கு பிரஷர் இருக்கு. என்னைக் கொல்லணும்னா வேற வழியாக் கொல்லு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாஸ்டர் ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டார். சிங்க்குக்குப் போய்த் துப்பினார். என்னைப் பார்க்கவில்லை, அட்டையைப் பார்த்தார்.

"பதினொண்ணு இருபது. ருசி பாத்திருக்க."

கரண்டியை எடுத்துத் துடைத்தேன்.

"உன்னைத்தான் கேக்குறேன். பாத்தியா இல்லையா?"

"இல்ல மாஸ்டர்."

"நேத்து?"

"இல்ல."

"முந்தாநேத்து?"

"ஒரு நாளும் பாக்கல மாஸ்டர்."

கட்டையின் கத்தி நின்றுவிட்டது.

"அட பாவி. எண்பது நாளா என்ன தைரியத்துலடா அண்டாவ வெளிய அனுப்புன?"

சொன்னேன். எங்கள் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஜெபம் பண்ணாமல் வாயில் வைக்க மாட்டோம் என்று சொன்னேன். மாஸ்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"சரி. அதுக்கென்ன, ஜெபத்தப் பண்ணிட்டு வாயில வை. உன் கைய யாரு பிடிச்சா?"

"எல்லாரும் உக்காரணும் மாஸ்டர்."

"எல்லாரும்னா யாருடா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எதிரே ஈரத்தரை, கிழங்கு தோல் சீவும் இயந்திரம், கட்டை.

"வேணும்னா நான் உக்காரட்டுமா?" என்று கட்டை வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்தான். மாஸ்டர் பார்த்த பார்வையில் எழுந்துகொண்டான்.

"சாமிய நம்புறவன் பொய்க் கையெழுத்துப் போடுவானாடா?" மாஸ்டர் சத்தம் போடாமல்தான் கேட்டார். அதுதான் உள்ளே போனது. ஜெபத்துக்கு முன் வாயில் வைக்காத பிள்ளை, ஒரு நாளைக்கு மூன்று பொய் எழுதிக்கொண்டு இருந்திருக்கிறேன். எண்பது நாளும் எனக்கு அது உறைக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போய் வந்தேன், நன்றாகத் தூங்கினேன்.

"நாளைக்கு என் கண்ணு முன்னாடி ருசி பாத்துச் சொல்லு. இல்லேன்னா நான் ஆபீசுக்கு எழுத மாட்டேன். இருநூறு பேர் வயித்த உங்க வீட்டுப் பழக்கத்துல கொண்டுபோய் வைக்க முடியாது."

அன்று சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டேன். அப்பா ஜெபக்கூட்டத்துக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துத்தான். கூடாது என்று அவள் சொன்னால் பெட்டியைக் கட்டிவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன்.

"என்னடா இந்நேரத்துல? உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லம்மா. சூப்புல உப்பு ஜாஸ்தியாயிடுச்சு."

"கல்லுப்பா, தூளுப்பா?"

"தூள். புதுசா வந்துச்சு."

"அதே டப்பாவுல அளந்தியா?"

"ஆமா."

"தூள் உப்பு நெருங்கி உக்காரும்டா. அதே டப்பாவுல கூடப் பிடிக்கும். உப்பு மாறினா மொதல்ல நிறுத்துப் பாக்கணும். உனக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தேன், இதச் சொல்லாம விட்டுட்டேனே."

"ருசி பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்லம்மா."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவள் அதை மூடவில்லை. மாஸ்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். நாளைக்குப் பார்க்காவிட்டால் வேலை இல்லை, பார்க்கட்டுமா என்று கேட்டேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் குழாய் நின்றது.

"உனக்கு நாக்கு இருக்கு, நீ பாரு," என்றாள். "எனக்குத்தான் இல்ல."

இனிமேல் வருவதுதான் நான் சொல்ல வேண்டியது. அப்பா உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

நான் பிறந்து பத்தொன்பதாம் நாள் அம்மாவுக்குப் பெரிய காய்ச்சல் வந்தது உங்கள் மூவருக்கும் தெரியும். காய்ச்சல் விட்டது. ருசியும் வாசனையும் அதோடு போய்விட்டது. திரும்பி வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், வரவில்லை. சூடு தெரியும், மொறுமொறுப்பு தெரியும், காரம் கொஞ்சம் எரியும். மற்றபடி எல்லாம் ஒன்றுதான். இருபத்து மூன்று வருடமாக.

"ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா? உங்க பெரிய அத்தை அப்பவே, இவன் பொறந்த நேரம் ஆத்தாளப் படுக்க வச்சுட்டான்னு சொல்லிட்டுத் திரிஞ்சா. நாக்கும் போச்சுன்னு தெரிஞ்சா விடுவாளா? ஆத்தா நாக்க எடுத்துட்டுப் பொறந்தவன்னு உனக்குப் பேரே வச்சிருப்பா. பள்ளிக்கூடம் வரைக்கும் வந்திருக்கும் அந்தப் பேரு."

அவளே தொடர்ந்தாள்.

"படுக்கைய விட்டு எந்திரிச்சு மொத நாள் அடுப்புல நிக்குறேன். அத்தை கரண்டியில ஊத்தி நீட்டுனா, உப்புப் பாருன்னு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. ஜெபம் பண்ணாம வாயில வைக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். அவ்வளவுதான்டா. உங்க அப்பா கதவுகிட்ட நின்னு கேட்டுட்டாரு."

அப்பாவைப் பற்றித் தெரியாதா. அந்த ஞாயிறே போதகரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். போதகர் பிரசங்கத்தில் சேர்த்துக்கொண்டார். நாலு வீட்டில் அதைப் பார்த்து ஆரம்பித்தார்கள்.

"அப்புறம் நான் எங்கடா திரும்புறது?" என்றாள் அம்மா. சிரித்தாள் என்று நினைக்கிறேன்.

"அப்போ அது பொய்யாம்மா?"

"மொத நாள் பொய்தான். அப்புறம் என்னன்னு எனக்கே தெரியல. ஒவ்வொரு சட்டியையும் ஆண்டவரே நீர் பாத்துக்கும்னு சொல்லித்தான் எறக்குறேன். உங்க அப்பாவுக்கு ஜெபம் பழக்கம். எனக்கு அது பயம்டா. நெசமாவே கேப்பேன்."

எப்படித்தான் உப்பு தப்பாமல் வந்தது என்று கேட்டேன். அளவு பாதி, நம் முகம் பாதி என்றாள். அப்பா ஆமென் சொன்னதும் நாம் எல்லோரும் தட்டைப் பார்ப்போமாம், அவள் நம்மைப் பார்ப்பாளாம். உப்புக் குறைந்தால் அக்காவுக்கு மூக்கு சுருங்கும். கூடினால் அண்ணன் கை தண்ணீருக்குப் போகும். "நீ ஒண்ணும் காட்ட மாட்ட. நல்லாயிருந்தா மட்டும் கால ஆட்டுவ." அதை வைத்து அடுத்த வேளைக்கு அளவைத் திருத்துவாளாம்.

"இப்போ யாரப் பாக்குற?"

"இப்போ யாரு இருக்கீங்க? அக்கா அவ வீட்ல. அண்ணன் சனிக்கிழமைதான் வர்றான். உங்க அப்பா ஆமென் சொன்ன கையோட போன்ல பிரசங்கத்தப் போட்டு, அதுக்குள்ள தலைய விட்டுட்டுச் சாப்பிடுறாரு. தாடி வேற வளக்குறாரு. மொகத்துல ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. என்ன போடுறேன்னே தெரியாம போட்டுட்டு இருக்கேன்."

போனை வைக்கும் முன் சொன்னாள்: "நீயே எல்லாருக்கும் சொல்லிடு. எனக்கு வாய் வராது. அனுப்புறதுக்கு முன்னாடி போன்ல ஒரு மணி அடி. நான் மாடிக்குப் போயிடுறேன்."

வியாழக்கிழமை மாஸ்டர் அண்டாவுக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டி நின்றார். புது உப்பைத் தராசில் நிறுத்துத்தான் போட்டிருந்தேன். கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஒரு நிமிஷம் மாஸ்டர்," என்றேன். அவர் தொப்பியைக் கழற்றினார். கட்டை கத்தியைக் கீழே வைத்தான்.

"சுருக்கமாப் பண்ணு. அடி பிடிக்குது."

எனக்கு அப்பாவின் வார்த்தைகள்தான் தெரியும், அதில் சுருக்கம் கிடையாது. "ஆண்டவரே, நீர் பாத்துக்கும்," என்று மட்டும் சொன்னேன். ஆமென் என்றேன். கட்டையும் ஆமென் என்றான். அவன் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவன் என்று இன்னும் எனக்குத் தெரியாது.

வாயில் வைத்தேன். நாக்கு சுட்டது. உள்ளே போகும்போது பெரியதாக ஏதோ நடக்கும் என்று பயந்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

"சரியா இருக்கு மாஸ்டர்."

அவரும் பார்த்தார். "கம்மி. நேத்து வாங்கின அடியில கை பயந்துபோச்சு. இன்னும் ஒரு பிடி போட்டுக் கலக்கு. ஆங். இப்போ பாரு."

பார்த்தேன். அதுவரை பருப்பு வேறாக, தண்ணீர் வேறாக, பூண்டு வேறாக இருந்தது. ஒரு பிடி உப்பில் எல்லாம் கைகோத்துக்கொண்டது. இருபத்து மூன்று வயதில் இதை முதல் தடவையாக அண்டாவின் பக்கத்தில் நின்று கண்டுபிடிக்கிறேன். அம்மா இந்த ருசியை இழந்துவிட்டுத்தான் என்னை வளர்த்திருக்கிறாள் என்று அப்போது தோன்றியது. கட்டையிடம் போய் வெங்காயம் நறுக்குகிறேன் என்று சொல்லி ஒரு கூடையை வாங்கிக்கொண்டேன்.

மாஸ்டர் ஆபீசுக்கு எழுதினார். இவன் வேண்டும் என்று எழுதவில்லை. இன்னும் ஒரு மாதம் பார்க்கிறேன் என்று எழுதினார். "உன் நாக்குக்கு வயசு ஒரு நாள். அதுக்கு மேல நான் எழுத முடியாது," என்றார். பழைய அட்டைகளையெல்லாம் கொண்டுவந்து கொடுத்து, என் கையெழுத்து இருக்கும் ஒவ்வொரு வரியிலும் 'பார்க்கவில்லை' என்று எழுதச் சொன்னார். நேற்றும் இன்றும் எழுதினேன். இருநூற்று நாற்பது வரி. கட்டை வந்து எட்டிப் பார்த்து, "பாவமன்னிப்பு இம்பொசிஷனா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

இன்று சனிக்கிழமை. மதியம் பரிமாறும் ஜன்னலில் நின்று முகங்களைப் பார்த்தேன். அம்மா மாதிரி பார்த்தேன். இருநூற்றுப் பத்து முகம். மெல்லுகிறார்கள், போனைத் தடவுகிறார்கள், பக்கத்து ஆளோடு பேசுகிறார்கள், எழுந்து கை கழுவுகிறார்கள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அரைமணி நேரம் நின்றேன். கால் வலித்தது.

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலியே," என்று கட்டையிடம் கேட்டேன்.

"சொல்லலேன்னா நல்லாயிருக்குன்னு அர்த்தம்டா. அதுக்கு மேல என்ன, மாலை போடுவாங்களா?"

நாமும் சொன்னதில்லை. நான் யோசித்துப் பார்த்தேன், ஒரு நாள்கூட இல்லை. அப்பா வந்தவர்களிடம் சொல்வார், சபையில் சொல்வார், அம்மாவிடம் சொன்னதில்லை. கர்த்தர் கொடுத்த கைக்கு நாம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டோம்.

அப்பாவுக்குக் கோபம் இருந்தால் என்மேல் காட்டட்டும். போதகரிடம் சொல்வதும் சொல்லாததும் அவர் இஷ்டம். அந்தப் பழக்கத்தை விட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை, எனக்கே இன்னும் தெரியவில்லை.

இதை வீட்டில் யார் முதலில் படித்தாலும் ஒன்று செய்யுங்கள். அம்மா மாடியில் இருப்பாள், கீழே கூப்பிடுங்கள். இன்று சாப்பிட உட்காரும்போது போனை அணைத்து வையுங்கள். முதல் வாய் வைத்ததும், உப்பு சரியா, கம்மியா, ஜாஸ்தியா என்று அவளுக்குக் கேட்கும்படி சொல்லுங்கள்.